ஒரு மூங்கில் ஆர்கனும் என் பழைய ரிப்போர்ட்டும்

மலர்க் குழுவில் இருக்கும் என் ஹாஸ்டல் ரூம்மேட் போன் செய்தான். "டேய், ரீயூனியன் மலருக்கு நீ ஒரு கட்டுரை தரணும். ஆனா பம்ப், வால்வு, பேரிங்னு ஆரம்பிச்சுடாதே. ஏதாவது சரித்திரம் எழுது. பசங்களும் படிக்கணும், சார்மாரும் படிக்கணும்" என்றான்.

பம்பை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? இரண்டு நாள் யோசித்தேன். வெகுநாளாக மனசில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் சரித்திரமும் இருக்கிறது. என் மேல் நானே எழுதிக்கொள்ள வேண்டிய குற்றப்பத்திரிகையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் கையெழுத்துப் போட்ட முதல் ரிப்போர்ட்

2008ஆம் ஆண்டு. நான் மெக்கானிக்கல் கடைசி வருஷம். நம் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பழைய ஆலயம். பெயர் வேண்டாம். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய ஒரு பைப் ஆர்கன் இருந்தது. எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் குடும்பம் அந்தச் சபையைச் சேர்ந்தது. "எங்க சர்ச் ஆர்கன் சரியா சத்தம் போட மாட்டேங்குது. செக்ரட்டரி ஐயா உங்களை வந்து பார்க்கச் சொன்னாங்கடா" என்று கூப்பிட்டான். மூன்று பேர் கிளம்பிப் போனோம்.

அந்த ஆர்கனை நாற்பது வருஷம் வாசித்த பெரியவர் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சுருதி சேர்க்க வருஷத்துக்கு இரண்டு தடவை மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்தவர் அதற்கும் முன்பே வருவதை நிறுத்திவிட்டாராம். பின்பக்கக் கதவைத் திறந்தால் ஒரே தூசி. வௌவால் எச்சம், எலிக்கூடு. மோட்டாரைப் போட்டோம், ஓடியது. கட்டையை அழுத்தினால் சத்தம் வந்தது, ஆனால் காசநோய்க்காரர் பேசுகிற மாதிரி வந்தது. ஒரு சுரம் மட்டும் யாரும் தொடாமலே "ஊ..." என்று நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ஊற்றிக் காற்றழுத்தம் பார்த்தோம். ஓர் அங்குலம் ஏறியதே பெரிய பாடு.

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து, டைப் அடித்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு ரிப்போர்ட் கொடுத்தோம். குழாய்கள் அரித்துவிட்டன, காற்று தரும் மோட்டார் தேய்ந்துவிட்டது, உதிரி பாகங்கள் கிடைக்காது, ஆகவே பழுது பார்ப்பது பொருளாதார ரீதியில் உகந்ததல்ல. இதுதான் சாரம். ஒர்க்ஷாப் பாஷையில் சொன்னால், ஆர்கனைக் 'கண்டம்' பண்ணிவிட்டோம். செக்ரட்டரி ஐயா டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து, "படிச்ச பிள்ளைங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கே ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டு வந்துவிட்டது. ஆர்கனைப் பிரித்தார்கள். மரம் ஒரு பக்கம் போனது. உலோகக் குழாய்கள் எடைக்குப் போயின. ஞாபகார்த்தமாக எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சின்னக் குழாய் கொடுத்தார்கள்.

ரிப்போர்ட்டின் நகலை நம் ஒர்க்ஷாப் சாரிடம் பெருமையாகக் காட்டினேன். முழுவதும் படித்தார். "மோட்டார் ஓடுது, ஆனா பிரஷர் ஏறலைன்னு எழுதியிருக்கே. காத்து எங்கே போகுதுன்னு பார்த்தியாப்பா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. கிடைத்த இடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு தேவாலயம்.

பைப் ஆர்கன் என்பது என்ன?

கதைக்குப் போகுமுன் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் பாடம். ஆர்மோனியப் பெட்டியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் ஒலிப்பது பித்தளை நாக்கு. பைப் ஆர்கன் வேறு ஜாதி. நூற்றுக்கணக்கான புல்லாங்குழல்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கதவு வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய துருத்தியால் காற்று கொடுத்தால் அதுதான் பைப் ஆர்கன். கட்டையை அழுத்தினால் அதற்குரிய கதவு திறக்கும். காற்று மேலே போய்க் குழாய் பாடும். கையை எடுத்தால் கதவு மூடும். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்பே அலெக்ஸாண்டிரியா நகரத்து டெசிபியஸ் என்ற பொறியாளர் தண்ணீரின் எடையால் காற்றழுத்தத்தை நிலைநிறுத்தி இப்படி ஒரு கருவி செய்தார். ஆக, இதைக் கண்டுபிடித்தவர் நம்ம ஆள்தான்!

குழாய் நீளமானால் சுரம் கீழே இறங்கும். எட்டு அடிக் குழாய் வினாடிக்குச் சுமார் 65 அதிர்வு தரும். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரண்டு மடங்கு. பெரிய ஆர்கனில் பனைமரம் மாதிரி நிற்கிற குழாயும் உண்டு, பென்சில் மாதிரி சின்னதும் உண்டு. இதற்கு வேண்டிய காற்றழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் இளநீர் ஸ்ட்ராவை மூன்று அங்குலம் இறக்கி ஊதிப் பாருங்கள். குமிழி விடுகிற அழுத்தம் இருக்கிறதே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் அது ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பு துருத்தியின் தோலுக்கு.

ஆர்கனுக்கு விரோதிகள் பலர். மழைக்காலத்தில் மரம் உப்பும், கதவு மூடாமல் மாட்டிக்கொள்ளும். அப்போது ஒரு சுரம் தானாக ஒலித்துக்கொண்டே இருக்கும். கோடையில் மரம் சுருங்கி விரிசல் விடும். சூடு பத்து டிகிரி ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடிச் சுருதி சுமார் 1.7 சதவீதம் ஏறிவிடும். தூசி குழாயின் வாயை அடைக்கும். தோல் காய்ந்து வெடிக்கும், மிச்சத்தை எலி தின்னும். ஆனால் இவை எல்லாம் வருஷா வருஷம் ஒருவர் வந்து பார்த்தால் தீருகிற வியாதிகள். யாரும் வராவிட்டால்தான் ஆபத்து.

பாதிரியாரும் மூங்கிலும்

2017இல் வேலை நிமித்தமாக மணிலா போனேன். மூன்று மாதம் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் பொருத்துகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் சகா ஒருவர், "மூங்கிலில் செய்த ஆர்கன் பார்க்கிறீர்களா?" என்று கூப்பிட்டார். மணிலாவின் தெற்கே லாஸ் பின்யாஸ். இன்று மாநகரத்தோடு ஒட்டிவிட்ட ஊர். ஒரு காலத்தில் உப்பளமும் மீன்பிடிப்புமாக இருந்த கடலோரக் கிராமம். அங்கே புனித சூசையப்பர் கோவில்.

இந்த ஊருக்கு 1795இல் பங்குத் தந்தையாக வந்தவர் தியேகோ செரா. 1762இல் ஸ்பெயினில் கிராவுஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஏழைக் கிராமம். பாதிரியார் மட்டும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கட்டிடம் கட்டத் தெரியும், வேதியியல் தெரியும், ஆர்கன் வாசிக்கவும் தெரியும், செய்யவும் தெரியும். ஊர் மக்களைக் கூட்டிக் கல் கோவிலைக் கட்ட ஆரம்பித்தார். 1797இல் தொடங்கி முடிக்க 1819 ஆயிற்று. இதற்கு நடுவிலேயே, 1816இல், ஆர்கன் வேலையையும் ஆரம்பித்துவிட்டார்.

ஐரோப்பாவில் ஆர்கன் குழாய்க்கு வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகம் போடுவார்கள். அந்தக் கிராமத்தில் அதற்கு எங்கே போவது? சுற்றிலும் மூங்கில் காடு. மூங்கில் என்றால் இயற்கையே செய்து வைத்த குழாய், கணுவைக் குடைந்தால் போதும். ஆனால் மூங்கிலுக்கு ஒரு சாபம் உண்டு. உளுத்துப்போகும். எங்கள் தாத்தா பந்தலுக்கு மூங்கில் வெட்டினால் அமாவாசை பார்த்து வெட்டுவார். வெட்டிய கையோடு குளத்தில் ஊறப் போடுவார். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் உளுப்பூச்சி வருகிறது, தண்ணீர் அந்தச் சத்தைக் கரைத்துவிடும். தாத்தாவுக்குக் காரணம் தெரியாது, முறை தெரியும். செரா பாதிரியார் செய்ததும் அதே மாதிரி ஒரு வேலைதான். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்துவிட்டார். பல மாதம் உப்பு மணலில் கிடந்து, பூச்சிக்குத் தப்பி எஞ்சியதைத் தோண்டி எடுத்து, அதில்தான் குழாய் செய்தார். எனக்கு இதைச் சொன்னபோது தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

1821இல் மூங்கில் பகுதி வாசிக்கிற நிலைக்கு வந்தது. டிரம்பெட் ஒலி தருகிற நாக்குக் குழாய்களுக்கு மட்டும் மூங்கில் சரிவராது என்று தீர்மானித்து, அவற்றை உலோகத்தில் செய்தார். ஸ்பெயின் நாட்டு வழக்கப்படி அவை முகப்பிலிருந்து பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. 1824இல் வேலை முடிந்தது. மொத்தம் 1031 குழாய்கள். அதில் மூங்கில் 902, உலோகம் 129. குருவி கத்துவது போல ஒலிக்க ஒரு தனி ஏற்பாடு கூட உண்டு. எட்டு வருஷ உழைப்பு! 1832இல் பாதிரியார் இறந்துபோனார்.

இறங்குமுகம்

ஒரு கருவியைச் செய்தவன் போனபின் அந்தக் கருவிக்கு உண்மையான பரீட்சை ஆரம்பிக்கிறது. லூசான் தீவு நிலநடுக்கத்துக்குப் பேர்போன இடம். 1863இல் வந்தது மணிலாவின் பெரிய தேவாலயத்தையே இடித்துத் தள்ளியது. 1880இல் மறுபடி. நடுநடுவே வருஷம் தவறாமல் வரும் புயல்கள். லாஸ் பின்யாஸ் கோவிலும் சேதமானது, ஆர்கன் மழையில் நனைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது வாசிக்க முடியாத நிலைக்குப் போய்விட்டது.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். ஏழைக் கோவில். செய்தவர் உயிரோடு இல்லை. செய்யும் வித்தை தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. பணமும் இல்லை. நானாக இருந்தால் என்ன எழுதியிருப்பேன்? "பொருளாதார ரீதியில் உகந்ததல்ல." மூங்கில் நல்ல அடுப்பு விறகு. எடைக்குப் போட்டாலும் காசு வராது, எரித்திருக்கலாம்.

அவர்கள் எரிக்கவில்லை. குழாய்களைக் கழற்றி, திருவுடைகள் வைக்கிற பின்னறையில் அடுக்கி வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். பழுது பார்க்கத் தெரியவில்லை, அதனால் பத்திரப்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டுப் பாதிரிமார் அந்தப் பங்கின் பொறுப்புக்கு வந்தபோது, குழாய்களைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, ஓரளவுக்குச் சத்தம் வரச் செய்தார்கள். முழுசாகக் குணமாகவில்லை. பாதி ஊமையாகவே வண்டி ஓடியது.

பிறகு உலகப்போர். 1945 பிப்ரவரியில் மணிலா நகருக்குள் நடந்த சண்டையில், கோட்டைக்குள் இருந்த ஏழு தேவாலயங்களில் சான் அகுஸ்தின் ஒன்று மட்டுமே மிஞ்சியது. மற்றவை மண்ணாயின. ஊருக்கு வெளியே, யாரும் பெரிதாக மதிக்காத கிராமத்து மூங்கில் ஆர்கன் தப்பித்துக்கொண்டது.

ஆர்கன்கள் மௌனமாவதற்கு நிலநடுக்கம்தான் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் 1644இல் பாராளுமன்றமே சட்டம் போட்டுத் தேவாலய ஆர்கன்களைப் பிடுங்கச் சொன்னது. ஜெர்மனியில் முதல் உலகப்போரின்போது, 1917இல், வெள்ளீயத்துக்காக அரசாங்கம் ஆர்கன்களின் முகப்புக் குழாய்களைப் பறிமுதல் செய்தது. ஹாம்பர்க் நகரில் புனித யாக்கோபு ஆலயத்து ஆர்கனை ஆர்ப் ஷ்னிட்கர் 1693இல் கட்டி முடித்தார். அதன் முகப்பும் அப்படித்தான் போனது. அடுத்த போரில் முன்யோசனையாகக் குழாய்களைக் கழற்றிப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1944இல் குண்டு விழுந்து ஆலயம் எரிந்தது. குழாய்கள் பிழைத்தன. 1993இல் அந்த ஆர்கன் மறுபடி முழுசாகப் பாடியது. அங்கேயும் கதை அதேதான். கழற்றி வைத்தவனால்தான் பின்னால் வந்தவன் பூட்ட முடிந்தது.

நம் நாளில் போர் வேண்டாம், சிக்கனம் போதும். 1935இல் அமெரிக்காவில் ஹாமண்ட் மின்சார ஆர்கன் விற்பனைக்கு வந்தது. பிறகு கீபோர்டு வந்தது. இரண்டு பேர் தூக்கிப் போகலாம், சுருதி சேர்க்க வேண்டாம், பட்டனைத் தட்டினால் தபலாவும் வாசிக்கும். கீபோர்டை நான் குறை சொல்லவில்லை. நம் கல்லூரி ஆண்டு விழாவில் அதன் முன்னால் ஆடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கீபோர்டு வந்த நாளிலிருந்து பைப் ஆர்கன் பக்கம் யாரும் போவதில்லை. வாசிக்காத ஆர்கன் வாசிக்கிற ஆர்கனைவிடச் சீக்கிரம் கெடும். கதவுகள் அசையாமல் இறுகும், எலி குடியேறும், எந்தச் சுரம் கெட்டது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

ஜெர்மனிக்குப் போய் வந்த மூங்கில்

லாஸ் பின்யாஸ்காரர்கள் எழுபதுகளில் விழித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் பான் நகரத்தில் உள்ள கிளைஸ் என்ற புகழ்பெற்ற ஆர்கன் பட்டறையோடு ஒப்பந்தம் போட்டு, 1973இல் ஆர்கனைப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். அங்கே ஒரு பிரச்சினை. ஜெர்மனியின் வறண்ட குளிர்காற்றில் மூங்கில் வெடித்துவிடும். அதனால் பிலிப்பைன்ஸின் ஈரமும் வெப்பமும் கொண்ட ஒரு தனி அறையை உண்டாக்கி, அதற்குள் வைத்து வேலை பார்த்தார்கள்! ஊர் மூங்கிலுக்காக ஊர்ச் சீதோஷ்ணத்தையே அங்கே உண்டாக்கினார்கள். ஒரு எஞ்சினீயராக எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கருவியை நம் வசதிக்கு வளைக்காமல், அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அதே நேரத்தில் இங்கே ஊரில் கோவிலையும் பழையபடி புதுப்பித்தார்கள். கட்டிடக் கலைஞர் பிரான்சிஸ்கோ மன்யோசாவின் மேற்பார்வை. 1975 மார்ச்சில் ஆர்கன் வீடு திரும்பியது. ஊரே தெருவுக்கு வந்து வரவேற்றதாம். 1975 மே 9ஆம் தேதி முதல் கச்சேரி. அடுத்த வருஷத்திலிருந்து சர்வதேச மூங்கில் ஆர்கன் விழா என்று நடத்த ஆரம்பித்தார்கள். 2003இல் அரசாங்கம் அதைத் தேசியப் பண்பாட்டுப் பொக்கிஷம் என்று அறிவித்தது.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று செய்தார்கள். மறுபடி ரிப்பேர் என்றால் மறுபடி ஜெர்மனிக்கா? அந்த ஊர்ப் பையன்களுக்கே ஆர்கன் செய்யும் தொழிலை ஐரோப்பாவில் கற்றுக்கொள்ள வழி பிறந்தது. அப்படிக் கற்று வந்த சீல்வின் டாக்லே 1994இல் லாஸ் பின்யாஸிலேயே ஒரு பட்டறை ஆரம்பித்தார். பட்டறைக்குப் பெயர் தியேகோ செரா! பிலிப்பைன்ஸில் உள்ள வேறு பல பழைய ஆர்கன்களையும் இந்தப் பட்டறை சரிசெய்து கொடுத்திருக்கிறது. அதே ஊரின் சிறுவர் பாடகர் குழுவிலிருந்து போய், ஆஸ்திரியாவில் படித்து வந்த அர்மாண்டோ சலார்சாதான் இந்த ஆர்கனை வாசிக்கும் பிரதான கலைஞரானார். வாத்தியத்தோடு சேர்த்து, அதைத் தெரிந்த மனிதர்களையும் உண்டாக்கினார்கள். இல்லாவிட்டால் இன்னொரு ஐம்பது வருஷத்தில் பழைய கதைதான்.

காற்று எங்கே போனது?

அன்று பூசை முடிந்தபின் நாங்கள் மாடத்துக்கு ஏறினோம். ஆர்கனைக் கவனித்துக்கொள்கிற ஒருவர் வாசித்துக் காட்டினார். மூங்கில் குழாயின் ஒலி, நம் புல்லாங்குழலைக் கொஞ்சம் தடிமனாக்கி, ஒரு கல் மண்டபத்துக்குள் பத்துப் பேர் வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இடையில் டிரம்பெட் குழாய்கள் சேர்ந்தபோது, கோவில் வாசலில் நாகஸ்வரம் கிளம்புகிற மாதிரி ஒரு கம்பீரம். கையில் மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு உள்ளே அழைத்துப்போய்த் துருத்தியைக் காட்டினார். மடிப்புகளில் ஒட்டியிருந்த தோலைத் தொட்டுக் காட்டி, "எந்த ஆர்கனிலும் முதலில் சாவது இதுதான். இது போனால் குழாய் எல்லாம் நோயாளி மாதிரி பாடும். தெரியாதவர்கள் குழாய் கெட்டுவிட்டது என்பார்கள்" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. ஓடுகிற மோட்டார், ஏறாத பிரஷர், காசநோய்க்காரர் மாதிரி சத்தம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அன்றைக்கு அந்த ஆலயத்தில் நாங்கள் துருத்திப் பெட்டியின் மூடியைக் கழற்றவே இல்லை. எலிக்கூட்டைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். எலி கூடு கட்டியது எங்கே? துருத்தியின் மேல்! காற்று எங்கே போயிற்று என்று சார் கேட்டதற்குப் பதில் இதுதான். கிழிந்த தோல் வழியாகப் போயிற்று.

நூற்றுக்கு நூறு அதுதான் என்று இன்று நிரூபிக்க முடியாது. பார்க்க ஆர்கன் இல்லை. ஆனால் பார்க்காமலே குழாய் அரித்துவிட்டது என்று எழுதினோம். என்னிடம் இருக்கிற குழாயில் அரிப்பே கிடையாது. தோல் கிடைக்காது என்று சொல்ல முடியுமா? ஆம்பூரும் திண்டுக்கல்லும் இருக்கிற நாட்டில்! ஆட்டுத் தோலும் பசையும், பொறுமையான ஒரு தச்சரும், சில வாரமும் போதுமாக இருந்திருக்கலாம். தானாக ஒலித்த அந்த ஒற்றைச் சுரம், உப்பிய மரத்தால் மூடாமல் போன ஒரு சின்னக் கதவு. அவ்வளவே.

இன்னொரு விஷயமும் அப்புறம்தான் உறைத்தது. வெள்ளீயமும் காரீயமும் கலந்தது ஆர்கன் குழாய் என்றேன் அல்லவா? நாம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் போர்டுக்குப் பற்றவைத்த சால்டரும் ஏறக்குறைய அதே சரக்குதான். அந்த ஆலயத்துக் குழாய்கள் எங்கே போய் உருகினவோ. நாற்பது வருஷம் பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் சுருதி கொடுத்த குழாய், ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் இரண்டு சொட்டாக உட்கார்ந்திருக்கலாம்.

இன்று என் வேலையில் ஜூனியர் பையன்கள், "சார், பம்ப் வீக், மாத்திடலாம்" என்று வந்து நின்றால், "முதல்ல லீக் எங்கேன்னு பார்த்துட்டு வா" என்றுதான் அனுப்புகிறேன். பாதி நேரம் பம்ப் நன்றாகவே இருக்கும். ஒரு ஆர்கனைக் காவு கொடுத்துக் கற்ற பாடம் இது.

நமக்கு என்ன?

இதை நம் கல்லூரி மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் நம் ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்தேன். பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் அந்தப் பழைய ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினும், மேலே சாஃப்ட் ஓடிப் பெல்ட்டில் சுற்றுகிற லேத்தும் நிற்கின்றன. நம்மில் சீனியர்கள் அதில்தான் வேலை கற்றார்கள். இரண்டிலும் வெள்ளை பெயின்டில் 'கண்டம்' என்று எழுதியிருக்கிறது. கூரையில் ஓட்டை. மழை நேரே லேத்தின் மேல் சொட்டுகிறது.

அவற்றை ஓட வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பணமும் ஆளும் இன்று இல்லாமல் இருக்கலாம். லாஸ் பின்யாஸ் மக்களிடமும் அன்று இல்லை. நம் சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டே இரண்டு. ஒன்று, எடைக்குப் போடாதீர்கள். தகரத்தை மாற்றி, கிரீஸ் தடவி, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். தகரச் செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு, அவற்றை ஓட்டிய லேப் அண்ணன்மார் ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார்கள். இப்போதைய மாணவர்கள் நாலு பேர் நோட்டோடு போய், எஞ்சினை எப்படிச் சூடேற்றுவது, பெல்ட்டை எப்படி மாற்றுவது, எந்த இடத்தில் எப்போதும் தகராறு பண்ணும் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால், பிறகு வருகிறவனுக்குக் கையில் இரும்பு மட்டும்தான் இருக்கும்.

ரீயூனியன் அன்று அந்த ஆர்கன் குழாயை எடுத்து வருகிறேன். ஒரு ஜாண் நீளம்தான். என் மகள் அதை ஊதி வீட்டை இரண்டு படுத்துகிறாள். பதினைந்து வருஷத்துக்கும் மேலாகச் சுருதி மாறாமல் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் ஊதிப் பாருங்கள். எங்கள் ரிப்போர்ட்டின் நகலையும் கூடவே கொண்டுவருகிறேன். கடைசி வருஷத் தம்பி தங்கைகள் அதைப் படித்து, எந்தெந்த இடத்தில் தப்பு என்று சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தால் சந்தோஷப்படுவேன். ஒர்க்ஷாப் சாரும் வருவதாகக் கேள்வி. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறேன்.